அம்பருக்குள் இருக்கும் பூச்சியைப் படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் எனக்குக் கணக்குப் பார்க்கும் வேலை. இரவு வீடு அடங்கிய பிறகு மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு அம்பர் துண்டுகளோடு உட்கார்ந்துவிடுவேன். எட்டு ஆண்டுகளாக இப்படித்தான் போகிறது. என் படங்களைப் பார்த்தவர்கள் கேட்டவை, தாங்களும் முயன்று பார்த்துவிட்டு வந்து கேட்டவை என்று சேர்ந்த கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். நான் அதிகம் கையாண்டது பால்டிக் அம்பர். அதனால் பதில்களும் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும்.

அம்பர் என்பது கல்லா?

இல்லை, மரப்பிசின். ஆனால் எந்தப் பிசின் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். கருவேலம்பிசினையும் நாம் பிசின் என்றுதான் சொல்கிறோம், குங்கிலியத்தையும் அப்படியே சொல்கிறோம். இரண்டும் வேறு சரக்கு. கருவேலம்பிசின் தண்ணீரில் கரைந்துவிடும். அது எத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்தாலும் அம்பர் ஆகாது. குங்கிலியமும் சாம்பிராணியும் தண்ணீரில் கரையாது, தணலில் போட்டால் மணக்கும். அம்பர் இந்த இரண்டாவது வகையிலிருந்து வந்தது. மணம் தரும் எண்ணெய்கள் மெல்ல மெல்ல வெளியேற, மீதமுள்ள மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிப்போன பொருள் அது.

பால்டிக் அம்பரின் வயது ஏறத்தாழ 3.4 கோடி முதல் 4.8 கோடி ஆண்டுகளுக்குள் என்று கணிக்கிறார்கள். ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதியில் யந்தார்னி என்ற ஊரில் இதற்கென்றே பெரிய திறந்தவெளிச் சுரங்கம் இருக்கிறது. போலந்து, லித்துவேனியா கடற்கரைகளில் புயலுக்குப் பிறகு அலையே கொண்டுவந்து ஒதுக்கும்.

முதல் துண்டை எந்த ஊர் அம்பராக வாங்கலாம்?

பால்டிக். நிறையக் கிடைக்கிறது, ஆராய்ச்சிக் குறிப்புகளும் நிறைய இருக்கின்றன, விலையும் ஓரளவு கைக்கு எட்டும். டொமினிக்கன் குடியரசின் அம்பர் இன்னும் தெளிவானது. ஹைமனேயா என்ற, நம் புளியமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மரத்தின் பிசின் அது. வயது 1.5 கோடி முதல் 2 கோடி ஆண்டுகள். பூச்சி அவ்வளவு துல்லியமாகத் தெரிவதால் முதல் படத்திலேயே மனம் நிறைந்துவிடும்.

பர்மிய அம்பரைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். மியான்மரின் காச்சின் மாநிலத்தில் ஹுகாங் பள்ளத்தாக்கில் கிடைப்பது, வயது ஏறத்தாழ 9.9 கோடி ஆண்டுகள். டைனோசர் காலத்துப் பூச்சி வேண்டுமென்றால் பலரும் முதலில் தேடுவது இதைத்தான். ஆனால் அந்தச் சுரங்கங்கள் உள்நாட்டுப் போரின் நடுவே இருப்பவை. 2017-ல் ராணுவம் அந்தப் பகுதியைக் கைப்பற்றியது. 2020-ல் முதுகெலும்பு உயிரிகளை ஆராயும் தொல்லுயிரியலாளர் சங்கம் ஒன்று, அதற்குப் பிறகு வெளிவந்த துண்டுகளைப் பற்றிய ஆய்வுகளை நிறுத்திவைக்கும்படி ஆய்விதழ்களைக் கேட்டுக்கொண்டது. நான் வாங்குவதில்லை. என் மேசைக்கு ஒரு அழகான எறும்பு வருவதற்காக இன்னொருவர் வீடு எரிய வேண்டாம்.

இந்தியாவில் அம்பர் கிடையாதா?

இருக்கிறது. குஜராத்தில் வஸ்தான், தட்கேஷ்வர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைத்த காம்பே அம்பர். வயது 5 கோடி ஆண்டுகளுக்கும் மேல். 2010-ல் வெளியான ஆய்வில் 700-க்கும் மேற்பட்ட பூச்சிகளும் சிலந்தி வகைகளும் 55 குடும்பங்களில் பட்டியலிடப்பட்டன. ஆசியாவோடு இந்தியத் துணைக்கண்டம் மோதிச் சேர்ந்த காலத்தின் பூச்சிகள் இவை. நெடுங்காலம் தனித் தீவாக மிதந்த நிலத்தில் இங்கே மட்டுமே உள்ள பூச்சிகள்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஐரோப்பா, ஆசியா, அமெரிக்கா என்று பல திசை உறவுக்காரர்கள் வந்து நின்றார்கள்.

நமக்கு நெருக்கமான செய்தி இன்னொன்று உண்டு. அந்தப் பிசினைக் கசியவிட்டவை டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்கள். சால மரம் அந்தக் குடும்பம்தான். கடையில் குங்கிலியம் வாங்கிக் கையில் வைத்திருக்கும்போது காம்பே அம்பரின் தூரத்துச் சொந்தத்தைத்தான் வைத்திருக்கிறீர்கள். இந்த அம்பர் முழுதாக இறுகாதது. டொலுயீன் போன்ற கரைப்பான்களில் கரைத்து, பூச்சியை அப்படியே வெளியே எடுக்கக்கூட முடிந்திருக்கிறது. கடைத்தெருவில் தேடாதீர்கள், ஆய்வு நிறுவனங்களில் இருக்கும் பொருள் அது.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

நானும் ஒருமுறை ஏமாந்தவன். இரண்டு அங்குலத் துண்டு, நட்டநடுவே கால் ஆறும் விரித்து அழகாக நின்ற ஒரு பெரிய வண்டு. இப்போது அதைப் பார்த்தால் நிற்கும் விதமே காட்டிக்கொடுக்கிறது. பிசினில் உண்மையில் சிக்கியவை பெரும்பாலும் சிறியவை, ஒன்று முதல் ஐந்து மில்லிமீட்டர். பெரிய பூச்சிக்குப் பிய்த்துக்கொண்டு போகும் பலம் உண்டு. சிக்கியது கோணலாக இருக்கும், ஒரு கால் முறிந்திருக்கும், பக்கத்தில் குமிழிகளும் குப்பையும் இருக்கும்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை உப்புத் தண்ணீர். இனிக் கரையாது என்ற அளவுக்கு உப்பைக் கரைத்து, துண்டைப் போடுங்கள். அம்பர் மிதக்கும். பேக்கலைட்டும் பல பிளாஸ்டிக்குகளும் மூழ்கும். எல்லாப் பிளாஸ்டிக்கும் மூழ்காது, பாலிஸ்டைரீன் மிதக்கும். அதனால் இதோடு நிறுத்திவிடக் கூடாது. புறஊதா டார்ச்சில் பால்டிக் அம்பர் நீலமோ பச்சையோ கலந்த வெண்மையாக ஒளிரும். ஒட்டுப்போட்ட இடம் இருந்தால் பசை மட்டும் வேறு நிறத்தில் தனியாகத் தெரியும்.

அடுத்தது கோபால். ஆள் பெயர் இல்லை, இறுகி முடியாத இளம் பிசினுக்கு உலகச் சந்தையில் வழங்கும் பெயர். மடகாஸ்கர், கொலம்பியாவிலிருந்து வருவது. ஓரத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்தால் கோபால் பிசுபிசுக்கும், அம்பர் அசையாது. பூச்சி இல்லாத ஓரமாகப் பார்த்து வையுங்கள். கோபாலில் உள்ள பூச்சியும் அழகுதான், நானும் எடுத்திருக்கிறேன். படத்தின் கீழே கோபால் என்று எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஏமாந்ததற்காக வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு கதை சொல்வேன். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பால்டிக் அம்பரில் ஒரு ஈ இருந்தது. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹெர்மன் லூ என்ற பூச்சியியலாளர் குறித்துவைத்த ஈ. 1966-ல் வில்லி ஹென்னிக் என்ற பெரும் அறிஞர் அதை ஆராய்ந்து, இன்றும் நம்மோடு வாழும் கழிவறை ஈ இனமேதான் என்றார். கோடிக்கணக்கான ஆண்டுகளாக மாறாத இனமா என்று எல்லோருக்கும் வியப்பு. 1993-ல் அதே அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ராஸ் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் உண்மை வெளிவந்தது. யாரோ அம்பரை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் குடைந்து, செத்த ஈயை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அறிஞர்களே நூறு ஆண்டுகளுக்கு மேல் நம்பியிருக்கிறார்கள்.

விற்பவர் "கொசு" என்று சொன்னார். கொசுதானா?

பெரும்பாலும் இல்லை. பால்டிக் அம்பரில் மிக அதிகம் சிக்கியவை இரு சிறகுப் பூச்சிகள்: பூஞ்சை ஈக்கள், கடிக்காத நீர் ஈக்கள், நீண்ட கால் ஈக்கள். உண்மையான கொசு அரிது. துண்டில் குட்டி நட்சத்திரம் போன்ற மயிர்கள் தெரிகிறதா என்றும் பாருங்கள். அவை கருவாலி மரப் பூக்களிலிருந்து உதிர்ந்தவை, பால்டிக் அம்பரின் கைநாட்டு மாதிரி. எனக்குப் பூச்சிக்கு நிகராக அந்த மயிர்களும் பிடிக்கும். அந்தக் காட்டில் அப்போது என்ன பருவம் என்று சொல்பவை அவைதானே.

சிறு பொருட்களை மிக அருகில் எடுக்கும் நல்ல மேக்ரோ லென்ஸ் இருக்கிறது. இருந்தும் படம் மங்கலாக வருகிறது. ஏன்?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். இதற்கு விடை தெரிந்துகொள்ள எனக்கே இரண்டு ஆண்டுகள் ஆயின.

உங்கள் லென்ஸுக்கும் பூச்சிக்கும் நடுவே இன்னொரு லென்ஸ் இருக்கிறது. அது அந்த அம்பர்தான். அதன் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு, ஏறத்தாழ 1.54, கண்ணாடிக்குப் பக்கம். கடையில் வரும் துண்டுகளை நகைக்கு ஏற்றபடி முட்டை வடிவில் வழித்திருப்பார்கள். வளைந்த மேற்பரப்பு எந்தக் கணக்குக்கும் அடங்காத ஒரு லென்ஸாகிவிடும். அதில் கீறல் இருந்தால் லென்ஸில் கீறல், மேடுபள்ளம் இருந்தால் லென்ஸில் மேடுபள்ளம். லட்ச ரூபாய்க்கு லென்ஸ் வாங்கினாலும் கடைசிக் கண்ணாடி இந்தக் கோணல் கண்ணாடியாக இருந்தால் படம் அந்த அளவுக்குத்தான் வரும்.

சோதிப்பது எளிது. துண்டைத் தண்ணீருள்ள சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு மேலிருந்து பாருங்கள். பூச்சி சட்டென்று தெளிந்தால் குறை உங்கள் லென்ஸில் இல்லை, அம்பரின் மேற்பரப்பில் இருக்கிறது. புது லென்ஸ் வாங்கும் பணத்தை மிச்சப்படுத்தும் சோதனை இது.

அப்படியென்றால் தேய்த்துப் பாலிஷ் போட வேண்டுமா?

முதலில் தேய்க்காமல் ஒரு வழி. பூச்சிக்கு நேர் மேலே ஒரு சொட்டு கிளிசரின் விட்டு, நுண்ணோக்கிக்கு வைக்கும் மெல்லிய மூடுகண்ணாடியை மேலே இறக்குங்கள். கிளிசரினின் ஒளிவிலகல் எண் 1.47, அம்பருக்கு நெருக்கம். அதனால் சிறு கீறல்கள் மறைந்தே போகும், மேலே சமதளக் கண்ணாடி வந்துவிடும். கெட்டியான சர்க்கரைப் பாகும் இதே வேலையைச் செய்யும். ஆய்வாளர்களே பயன்படுத்துகிறார்கள். முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிடலாம், எறும்பு வருவதற்கு முன்னால் கழுவிவிடுங்கள். எண்ணெய் வகைகளை நான் தவிர்க்கிறேன், மேற்பரப்பில் விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிவிடும். கோபாலில் ஆல்கஹால் படவே கூடாது.

மேற்பரப்பு மிகவும் வளைந்திருந்தால் தேய்க்கத்தான் வேண்டும். தடித்த கண்ணாடித் தட்டின் மேல் வாட்டர் பேப்பரை விரித்து, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கையாலேயே தேய்க்கிறேன். 800, 1200, 2000, 3000 என்று ஏறுவரிசையில் போகிறேன். ஒரு தாளிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் துண்டையும் கையையும் நன்றாகக் கழுவ வேண்டும், பழைய தாளின் ஒரே ஒரு துகள் போதும் கீறிவிட. கடைசியில் மென்தோலில் பற்பசை. அம்பர் மென்மையானது, மோஸ் கடினத்தன்மை அளவில் 2 முதல் 2.5 வரைதான். வேலை வேகமாக நடக்கும், ஆபத்தும் அதுவே. பூச்சிக்கு மேல் ஒரு மில்லிமீட்டராவது மிச்சம் வையுங்கள். இயந்திரத்தில் கொடுத்தால் சூடேறி மேற்பரப்பு இளகும்.

ஒரு வேண்டுகோள். தேய்ப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சி வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்தால் தேய்க்கவே தேய்க்காதீர்கள், தெரிந்தவர் ஒருவரிடம் காட்டும்வரை பொறுங்கள். தேய்த்துப் போன தூளில் என்ன இருந்தது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

துணியால் துடைக்கத் துடைக்கத் தூசு அதிகமாகிறதே?

உலர்ந்த துணியால் தேய்த்தால் அம்பரில் நிலைமின்சாரம் ஏறும், தூசைத் தானே இழுக்கும். கிரேக்கர்கள் அம்பரை எலெக்ட்ரான் என்றார்கள். மின்சாரத்துக்கான ஆங்கிலச் சொல் அதிலிருந்துதான் வந்தது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள்.

என்னென்ன சாதனங்கள் வேண்டும்?

10 மடங்கு கைலென்ஸ் ஒன்று கட்டாயம். அதில் பார்த்துப் பழகாமல் கேமராவுக்குப் போகாதீர்கள். கைலென்ஸை போன் கேமராவின் மேல் பிடித்தே நல்ல முதல் படம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

கேமரா எதுவானாலும் சரி. மேக்ரோ லென்ஸ் பூச்சியை அதன் உண்மை அளவில் சென்சாரில் பதிக்கும். மூன்று மில்லிமீட்டர் ஈ சென்சாரில் மூன்று மில்லிமீட்டர். போதாது. நான் பயன்படுத்துவது நுண்ணோக்கி ஆப்ஜெக்டிவ், அதாவது நுண்ணோக்கியில் பொருளுக்குப் பக்கத்தில் இருக்கும் லென்ஸ். பள்ளி நுண்ணோக்கிகளில் வரும் பழைய வகை 4 மடங்கு ஆப்ஜெக்டிவ் ஒன்றை, அதன் தோளிலிருந்து (திருகு மரை தொடங்கும் விளிம்பு) சென்சார்வரை ஏறத்தாழ 150 மி.மீ. வரும்படி நீட்டிப்புக் குழாய்களில் பொருத்தினால் போதும். 23.5 மி.மீ. அகலச் சென்சாரில் ஏறக்குறைய 6 மி.மீ. அகலக் காட்சி கிடைக்கும், ஒரு ஈ முழுதாக அடங்கும். 10 மடங்கு ஆப்ஜெக்டிவில் 2.35 மி.மீ. காட்சி, தலையும் உணர்கொம்பும் மட்டும். ஆப்ஜெக்டிவில் முடிவிலி (∞) வகை என்று குறித்திருந்தால் அதை 200 மி.மீ. டெலி லென்ஸின் முன்னால் பொருத்த வேண்டும்.

20 மடங்குக்கு அவசரப்பட்டுப் போகாதீர்கள். அதிகப் பெருக்கமுள்ள ஆப்ஜெக்டிவுகள் பூச்சிக்கு மேல் காற்றோ மெல்லிய கண்ணாடியோ மட்டும் இருக்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. நடுவே மூன்று மில்லிமீட்டர் அம்பர் வந்தால் அந்தக் கணக்கு கெடும், மங்கலாகிவிடும். எட்டத்தில் நின்று பார்க்கும் தூரமும் முக்கியம். மிட்டுடோயோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் 10 மடங்கு ஆப்ஜெக்டிவ் ஏறத்தாழ 34 மி.மீ. தள்ளி நிற்கும், விளக்கு வைக்கத் தாராளமாக இடம் இருக்கும். விலை அதிகம். நான் நான்கு ஆண்டுகள் பள்ளி ஆப்ஜெக்டிவிலேயே ஓட்டினேன், அந்தப் படங்களில் சில இன்றும் எனக்குப் பிடித்தவை.

ஃபோகஸ் ஸ்டாக்கிங் எத்தனை படங்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 மடங்கு, 0.10 துளை எண் (ஆப்ஜெக்டிவ் மேலேயே NA என்று எழுதியிருக்கும்) உள்ள ஆப்ஜெக்டிவில் ஒரு நேரத்தில் தெளிவாக இருப்பது ஏறத்தாழ 0.05 மி.மீ. தடிமன் மட்டும். 10 மடங்கு, 0.25-இல் 0.009 மி.மீ. அதனால் கேமராவை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, தெளிந்த பகுதிகளை மட்டும் மென்பொருளில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு நகர்வும் 4 மடங்குக்கு 0.04 மி.மீ., 10 மடங்குக்கு 0.007 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன்.

கிணற்றின் அடி மேலெழுந்து தெரியும் அல்லவா, அதே வேலை அம்பரிலும் நடக்கும். உள்ளே ஒரு மில்லிமீட்டர் ஆழம் வெளியிலிருந்து 0.65 மி.மீ. போலத் தெரியும். இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள பூச்சிக்குக் கேமரா 1.3 மி.மீ. நகர்ந்தால் போதும். 4 மடங்கில் 33 படங்கள், 10 மடங்கில் 180-க்கு மேல். கையால் திருகி 33 எடுக்கலாம். 180 எடுக்க, கேமராவைத் தானே நகர்த்தும் மோட்டார் வைத்த தண்டவாளம் வாங்கிவிடுங்கள், விரல் நடுக்கமே படத்தைக் கெடுத்துவிடும்.

அதிர்வு பெரிய பகை. மின்விசிறியை நிறுத்துங்கள். தெருவில் பேருந்து போனால் காத்திருங்கள். ஃபிளாஷ் பயன்படுத்தினால் பாதித் தொல்லை தீரும்.

சேர்ப்பதற்கு ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் என்ற இரண்டு மென்பொருள்களும் நல்லவை. ஜெரீனில் பி-மேக்ஸ் முறை மயிர்களையும் குறுக்கே போகும் கால்களையும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் படத்தின் பொரிப்பொரியான இரைச்சலையும் ஒளி-நிழல் வேறுபாட்டையும் கூட்டும். டி-மேப் முறை உடலின் நிறத்தையும் வழவழப்பையும் காக்கும், கால் ஓரங்களில் ஒளிவட்டம் விடும். நான் இரண்டிலும் சேர்த்து, மயிர்களை முதலாவதிலிருந்தும் உடலை இரண்டாவதிலிருந்தும் கையால் எடுத்துப் பதிக்கிறேன். ஒரு படத்துக்கு ஒரு மாலை ஆகும்.

விளக்கு எப்படி வைப்பது?

மென்மையாக, எல்லாப் பக்கமிருந்தும். காகித டீ கப்பின் அடியை வெட்டி ஆப்ஜெக்டிவைச் சுற்றிக் கவிழ்த்து, வெளியே இரண்டு ஃபிளாஷ் வைத்துப் பாருங்கள். நான் இன்றும் அதைத்தான் செய்கிறேன். நேர் வெளிச்சம் அம்பரின் மேற்பரப்பில் வெள்ளைப் புள்ளிகளாக எரியும், பூச்சியின் உடல் கறுத்துவிடும்.

மேல் விளக்கு உடலையும் மயிரையும் காட்டும். கீழிருந்து வரும் வெளிச்சம் சிறகின் நரம்புகளைக் காட்டும். பூச்சி இனம் கண்டுபிடிக்கச் சிறகு நரம்பு மிக முக்கியம் என்பதால் கீழ் வெளிச்சத்தை முழுதாக விட்டுவிடாதீர்கள். மேலே இரண்டு பங்கு, கீழே ஒரு பங்கு என்று தொடங்கி, துண்டுக்கு ஏற்ப மாற்றுங்கள். மேற்பரப்புப் பளபளப்பு அடங்கவே இல்லை என்றால் ஃபிளாஷ் மேல் ஒரு போலரைசர் தாள் (ஒளியை ஒரே தளத்தில் மட்டும் விடும் வடிகட்டி), லென்ஸ் முன்னால் குறுக்காக இன்னொன்று. கீழ் விளக்குக்கும் அதைப் போட்டால் அம்பருக்குள் இறுகிக் கிடக்கும் அழுத்தம் வானவில் நிறங்களாகத் தெரியும். பார்க்க அருமை, பூச்சிப் படத்துக்குத் தொந்தரவு.

ஹாலஜன் விளக்கு வேண்டவே வேண்டாம். இரண்டாம் ஆண்டில் மேசை விளக்கை மிக அருகில் வைத்து ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டிருந்தேன். வண்டின் காலுக்குப் பக்கத்தில் மீன்செதில் போல ஒரு விரிசல் விழுந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் பத்திரமாக இருந்ததை என் ஒரு மணி நேர அவசரம் கெடுத்துவிட்டது. அந்தத் துண்டைத் தூக்கிப் போடவில்லை, மேசையிலேயே வைத்திருக்கிறேன்.

பூச்சியின் ஒரு பக்கம் பால் ஊற்றியது போல வெளுத்திருக்கிறது. பூஞ்சையா?

பூஞ்சை இல்லை. பூச்சி பிசினில் மூழ்கிய பிறகு அழுகும்போது வெளிவந்த வாயுவும் ஈரமும் நுண்குமிழிகளாக உடலைச் சுற்றி உறைந்தது அது. பால்டிக் அம்பரில் மிகச் சாதாரணம். துண்டைத் திருப்பிப் பாருங்கள், பல நேரம் மறுபக்கம் தெளிவாக இருக்கும்.

உள்ளே உண்மையில் பூச்சி இருக்கிறதா, வெறும் அச்சா?

என் அக்கா மகள் கேட்ட கேள்வி: "மாமா, அதை வெளிய எடுத்தா கையில வருமா?" பால்டிக் அம்பரில் பெரும்பாலும் வராது. உள்ளே வெற்றிடம், அதன் சுவரில் மெல்லிய தோலின் எச்சம். நாம் படமெடுப்பது அந்தச் சுவரை. ஆனால் எப்போதும் அப்படி இல்லை. 1982-ல் ஜார்ஜ் பாய்னாரும் ராபர்ட்டா ஹெஸ்ஸும் பால்டிக் அம்பரின் பூஞ்சை ஈ ஒன்றில் திசுக்களின் நுண்ணமைப்பை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார்கள். அதிலிருந்துதான் டி.என்.ஏ. எடுக்கும் கனவு பெரிதானது. 1990-களில் எடுத்துவிட்டதாக வந்த அறிவிப்புகளை மற்றவர்களால் திரும்பச் செய்துகாட்ட முடியவில்லை. 2013-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில் ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளும் அதற்குக் குறைவாகவும் ஆன கோபால் தேனீக்களில்கூடக் கிடைக்கவில்லை.

நிறத்தை எவ்வளவு திருத்தலாம்?

கேமரா திருத்தம் எதுவும் செய்யாமல் சேமிக்கும் ரா கோப்பாக எடுங்கள். மஞ்சளைக் கொஞ்சம் குறைப்பேன், முழுதாக எடுக்க மாட்டேன். அம்பருக்குள் இருக்கிறது என்பதே தெரியாமல் போனால் அது வேறு எதன் படமோ ஆகிவிடும். உலோகப் பச்சை, நீலம் தெரிந்தால் விளக்கின் கோளாறு என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். சீனாவின் நான்ஜிங் ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், பர்மிய அம்பர் துண்டுகள் 35-இல் உண்மையான உலோக நிறங்கள் அப்படியே எஞ்சியிருந்ததைக் காட்டினார்கள். அந்த நிறம் சாயத்தால் வருவதில்லை, தோலின் நுண்ணடுக்குகளால் வருவது.

குமிழியை, தூசை, பக்கத்து இலைத்துணுக்கை அழிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். மேற்பரப்பில் நேற்று விழுந்த தூசை அழிப்பேன். உள்ளே இருப்பது எதையும் தொட மாட்டேன். பூச்சியின் வாயருகே உள்ள குமிழி அதன் கடைசி நிமிடத்தின் பகுதி.

என் படத்தால் அறிவியலுக்கு ஏதாவது பயன் உண்டா?

உண்டு, சில ஒழுங்குகள் இருந்தால். அளவுகோல் இல்லாத படம் ஆய்வாளருக்குப் பாதிப் படம்தான். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த அளவுகோல் சில்லு கிடைக்கும். பூச்சியை எடுத்த அதே அமைப்பில் அதையும் ஒன்று எடுத்துவிடுங்கள். மேல், கீழ், பக்கம் என மூன்று கோணம், அதோடு சிறகு நரம்பு, உணர்கொம்பு, பாதம். எங்கே வாங்கியது, எந்த ஊர் அம்பர் என்று அன்றே எழுதிவையுங்கள். போலந்தின் க்டான்ஸ்க் பல்கலைக்கழகத்தில் அம்பர் பூச்சிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதுபோன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்கு நல்ல படத்தோடு எழுதினால் பல நேரம் பதில் வரும். புது இனம் என்று உறுதியானால் அந்தத் துண்டு பொது அருங்காட்சியகத்தில் இருப்பதே முறை. அதைக் கொடுக்க மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஆர்வலர்கள் கையில் தொடங்கிய பெரிய கதை ஒன்றும் உண்டு. 1966-ல் எட்மண்ட் ஃப்ரே என்ற ஓய்வுபெற்றவரும் அவர் மனைவியும் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கிளிஃப்வுட் கடற்கரையில் அம்பர் பொறுக்கினார்கள். ஒரு துண்டில் இரண்டு எறும்புகள். அதை அவர்கள் அறிஞர்களிடம் கொடுத்தார்கள், அது கைமாறி ஹார்வர்டில் எறும்புகளை ஆராய்ந்த எட்வர்ட் ஓ. வில்சனிடம் வந்தது. அவர் பரபரப்பில் அதைத் தரையில் தவறவிட்டார், இரண்டாக உடைந்தது. நல்லவேளை, ஒவ்வொரு துண்டிலும் ஒரு எறும்பு முழுதாக இருந்தது. 1967-ல் அதற்கு ஸ்ஃபெகோமிர்மா ஃப்ரேயி என்று பெயர் வைத்தார்கள். குளவிக்கும் எறும்புக்கும் நடுவே நின்ற, டைனோசர் காலத்து எறும்பு. பெயரின் பின்பாதி அந்தத் தம்பதியுடையது.

நம் ஊர் வெயிலில் எப்படிப் பாதுகாப்பது?

வெளிச்சமும் சூடும் காற்றும் அம்பரைக் கறுக்கவைக்கும், மேற்பரப்பில் வலை போல விரிசல் விழும். ஜன்னலோரம், டிவி மேல், கார் டேஷ்போர்டு எல்லாம் கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் பையில், பெயரும் எண்ணும் எழுதிய சீட்டோடு, மூடிய பெட்டியில் வைத்து, வீட்டில் குளிர்ந்த அறையின் அலமாரியில் கீழ்த்தட்டில் வைக்கிறேன். மேல்தட்டு சூடாக இருக்கும். பூச்சி உருண்டை, வாசனைத் திரவியம் எதுவும் அந்த அலமாரியில் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டுப் புது விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். அதற்கு நான் தேர்ந்தெடுத்திருப்பது மார்கழி.